பத்திரத்தில் இல்லாத மீன்

பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மூலப்பத்திரத்தைப் பார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார், யுடிஎஸ், அதாவது மனையில் நம் பங்கு, எவ்வளவு என்று கேள், கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா, அசோசியேஷன் பாக்கி ஏதும் உண்டா. எல்லாம் சரிதான். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவருக்குள்ளேயே ஒரு மீன்தொட்டி இருந்து, அதற்குள்ளிருந்து ஒரு சாணுக்கு மேல் நீளமான மீன் ஒன்று நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் யாருடைய பட்டியலிலும் இல்லை.

சென்னை வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடி. விற்பவர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறார்கள். தொட்டி நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே இருப்பது ஒரே ஒரு மீன். கறுப்பில் ஆரஞ்சு நிறத் திட்டுகள் கொண்ட டைகர் ஆஸ்கர். பெயர் துரை. 2016 தொடக்கத்தில் கொளத்தூர் மீன்கடையில் விரல் நீளக் குஞ்சாக வாங்கினார்களாம். விளம்பரத்தில் மாடுலர் கிச்சனுக்கு அடுத்தபடியாக ‘இன்பில்ட் அக்வேரியம்’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். புரோக்கரோ படியிறங்கும்போது என் காதோடு சொன்னார்: “மேடம், அதை உடைச்சுப் பூசணும். அதுக்கே அறுபதாயிரம் குறைச்சுக் கேக்கலாம்.”

விற்பவருக்கு அது விலையை ஏற்றும் பொருள், புரோக்கருக்கு விலையைக் குறைக்கும் பொருள். இரண்டு கணக்கிலும் துரை வரவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். நான் மீன் வளர்த்தவள் இல்லை, வளர்க்க ஆசைப்பட்டவளும் இல்லை. ஆனாலும் அன்று இரவு வீட்டுக்கு வந்தபிறகு சமையலறை அளவைப் பற்றியோ வங்கிக் கடன் தவணையைப் பற்றியோ நான் யோசிக்கவில்லை. தொட்டியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்றே மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். மகளுக்குச் சந்தேகமே இல்லை. துரை இருந்தால்தான் அந்த வீடு. என் கணவர் கால்குலேட்டரை எடுத்தார். ஃபில்டரும் காற்று மோட்டாரும் சேர்ந்து முப்பது வாட், இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 43 யூனிட். அது பெரிய செலவில்லை, ஆனால் கோடையில் ஏசி ஓடும் வீட்டில் 500 யூனிட்டைத் தாண்ட வைப்பதும் அந்த 43-ஆகவே இருக்கலாம், தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் கட்டணம் ஏறும் என்றார். அவருக்குத் தொட்டியில் ஆசை, கணக்கில் பயம். எந்தப் பொருளை வாங்கும்போதும் அவர் அப்படித்தான்.

கன்னிமூலை

அத்தைக்குப் பிரச்சினை வேறு. தொட்டி இருப்பது தென்மேற்கில். கன்னிமூலையில் தண்ணீர் தேங்கினால் குடும்பத்தலைவருக்கு ஆகாது என்பது அவருடைய தீர்ப்பு. மீனை மட்டும் அவர் குறை சொல்லவில்லை. மீன் நல்லதுதான், இடம்தான் தப்பு, அரோவனாவாக இருந்தால் இன்னும் நல்லது என்றார்.

கொளத்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கடைக்குக் கடை ‘வாஸ்து மீன்’ என்று அரோவனாவும் ஃபிளவர்ஹார்னும் தனித்தனித் தொட்டிகளில் இருக்கும். ஃபிளவர்ஹார்ன் என்பது 1990-களில் மலேசியாவில் வெவ்வேறு மீன்களைக் கலந்து உருவாக்கிய இனம். அதற்கு வாஸ்துவில் யார் இடம் ஒதுக்கினார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வீட்டுக்கு வரவிருந்த கெட்டதை மீன் வாங்கிக்கொண்டு செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. இதைவிட வியாபாரிக்கு வசதியான நம்பிக்கை இருக்க முடியாது. மீன் செத்தால் கடைக்காரர் மேல் யாருக்கும் கோபம் வராது. நன்றியோடு போய் அடுத்த மீனை வாங்குவார்கள்.

அரோவனா இல்லாததில் எனக்கு நிம்மதி. பல கடைகளில் கிடைப்பது தென்னமெரிக்க வெள்ளி அரோவனா. சிவப்பும் பொன்னிறமுமாக விலை கூடியது ஆசிய அரோவனா. அது, அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அப்படிப்பட்டவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டோடு சேர்த்து அந்த மீனையும் வாங்கியிருந்தால் அதற்கும் தனியாகக் காகிதம் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

காகிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வக்கீல் தோழி ஒருத்தியிடம் இந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி மண்ணில் ஊன்றிய சுவரும், அந்தச் சுவரின் நிரந்தரப் பயனுக்காக அதோடு பிணைத்த பொருளும் அசையாச் சொத்தில் சேரும் என்றாள். அதன்படி பார்த்தால் சுவரில் பதித்த தொட்டி வீட்டோடு வருகிறது என்று வாதாடலாம். மீன் அசையும் சொத்து. “அது ரொம்பவே அசையுது” என்றான் பக்கத்தில் இருந்த அவளுடைய ஜூனியர். ஆக, நாங்கள் எதுவும் எழுதிக்கொள்ளாமல் பத்திரம் பதிந்தால் தொட்டி எங்களுடையது, தண்ணீர் யாருடையதென்று தெரியாது, துரை அவர்களுடையது.

எடை

அடுத்து ஒரு கட்டட இன்ஜினியரைக் கூட்டிப்போனோம். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய முந்நூற்று நாற்பது லிட்டர். மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பதால் முந்நூறு என்று வைத்துக்கொண்டாலும், கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்து நானூறு கிலோ வரும். வீடுகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டி உட்கார்ந்திருக்கும் இடமோ அரைச் சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். கணக்குப் போட்டுவிட்டு என் கணவர் வெளிறிப் போனார். இன்ஜினியர் சிரித்தார். அந்த 200 அறை முழுவதும் பரவிய சுமைக்கான எண், ஒரு மூலையில் பீரோவோ தொட்டியோ இருந்தால் தளம் அதைச் சுற்றியும் பகிர்ந்துகொள்ளும், அடியில் பீம் ஓடுவதால் பயமில்லை என்றார்.

அவர் பயந்தது மேலே பார்த்துத்தான். தொட்டியின் இரண்டு மேல்முனைகளிலிருந்தும் சாய்வாக, தலைமுடி அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. நாலரை அங்குலச் சுவரில் நாலடிக்கு ஓட்டை போட்டவர்கள் மேல்சுவரைத் தாங்கும் லிண்டல் போடவில்லை. மேலே இருக்கும் செங்கல் வரிசை முழுவதும் தொட்டியைச் சுற்றி அடித்த பிளைவுட் சட்டத்தில் நிற்கிறது. பிளைவுட்டோ ஈரத்தில் உப்பத் தொடங்கியிருந்தது. போதாக்குறைக்கு, கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கான் என்றாவது ஒருநாள் விட்டுக்கொடுக்கும். தனியாக நிற்கும் தொட்டியென்றால் காலிசெய்து, சுரண்டி, மறுபடி ஒட்டலாம். இதைச் சுவரை உடைக்காமல் வெளியே எடுக்கவே முடியாது. முந்நூறு லிட்டரும் ஒரு ராத்திரியில் இறங்கினால் கீழ்வீட்டுக்காரரோடு நம் உறவு எப்படி ஆரம்பிக்கும் என்று கேட்டார் இன்ஜினியர்.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இன்டீரியர் செய்கிறவர்கள் வரைந்து காட்டும் படங்களில் டிவிக்குக் கீழே, படிக்கட்டுக்கு அடியில், கட்டில் தலைமாட்டில் என்று நீலநீலமாகத் தொட்டிகள் மின்னும். ஒரு படத்திலாவது தொட்டிக்கு மேலே கைவிட்டுத் தேய்க்க ஒரு முழம் இடம் இருக்காது. தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்றிருக்காது. பிளக் பாயிண்ட் தொட்டிக்குக் கீழேயே, கசிந்தால் நேராகத் தண்ணீர் விழும் இடத்தில் இருக்கும். இவர்களுக்கு மீன் என்பது ஒரு வகை விளக்கு.

எப்படியோ, சுவர்த் தொட்டியின் கதை அங்கேயே முடிந்துவிட்டது. அது போக வேண்டும். மிச்சமிருந்தது துரை. கொளத்தூரில் கேட்டுப் பார்த்தோம். இவ்வளவு பெரிய ஒற்றை ஆஸ்கரை யாரும் வாங்க மாட்டார்கள், சும்மா கொடுத்தால் வாங்கி வைக்கிறோம் என்றார்கள். என்னவாகும் என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. ஏரியில் விட்டுவிடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அப்படி விட்டதன் பலனைத்தான் பார்க்கிறோம். கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீன் சென்னையின் நீர்நிலைகளில் பெருகி, வலைபோடுகிறவர்கள் வலையை அறுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆஸ்கர் அமேசான் பக்கத்து மீன். வாயில் அடங்குவதையெல்லாம் தின்னும். அதை ஏரியில் விடுவது மீனுக்கும் நல்லதில்லை, ஏரிக்கும் நல்லதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

“வைக்கலாமா வேண்டாமான்னு இப்ப சொல்லாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு வாங்க, தண்ணி மாத்துறதைப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார் வீட்டை விற்கும் சார். போனேன்.

அவர் நன்றாகவே விளக்கினார். மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு இல்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறோம். மொத்தத்தையும் மாற்றினால் மீன் தாங்காது. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலிருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். புதிய தொட்டியில் இந்தக் கூட்டம் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். “நீங்க வாங்குறது கண்ணாடி இல்லை, இந்தப் பஞ்சு” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. தொட்டிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் படாத பகுதி அதுதானே.

பிறகு குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீரை பக்கெட்டில் விட்டார். தண்ணீர் நிறைந்தது. அவர் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். வர்தா புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி மீனுக்கு மூச்சு கொடுத்த கதை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார்; அம்மா என்றுதான் நான் கூப்பிடுவேன். நிறைந்த பக்கெட்டைத் தூக்கினார், காலி பக்கெட்டை அந்த இடத்தில் வைத்தார், ஹாலைக் கடந்து பால்கனிக்குப் போனார், செடிகளுக்குக் கொஞ்சம் ஊற்றி மிச்சத்தைத் தண்ணீர் போகும் ஜாலியில் சாய்த்தார், திரும்பி வந்தார். அதற்குள் அடுத்த பக்கெட் நிறைந்திருந்தது. நூறு லிட்டர் என்றால் பதினைந்து லிட்டர் பக்கெட்டில் ஏழு நடை. அப்புறம் முந்தின நாள் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் அதே ஏழு நடை, இந்த முறை உள்நோக்கி. நான் எழுந்து ஒரு பக்கெட்டை வாங்கப் போனேன். “சிந்திடும், விடுங்க. எனக்குப் பழகிடுச்சு” என்றார்.

சமையலறையில் காபி கலக்கும்போது கேட்டேன், எப்போதும் நீங்கள்தான் தூக்குவீர்களா என்று. “அவருக்கு முட்டி வலி. வலி வர்றதுக்கு முன்னாடியும் நான்தான்” என்றார். குரலில் புகார் இல்லை. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, லாரித் தண்ணீருக்கு முறைபோட்டுக் காத்திருந்த நாள்களில் இந்த பக்கெட்டோடு பால்கனிக்குப் போகவே வெட்கமாக இருந்தது என்றார். எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு நிற்பாள், இவர் மீன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவார். தீனியைப் பாதியாக்கி, தண்ணீர் மாற்றுவதையும் பாதியாக்கி, அந்தத் தண்ணீரிலேயே தரையைத் துடைத்து ஓட்டினாராம். “கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போகலாம்னு இவர் சொன்னார். வேண்டாம்னது நான்தான். சிறுவாணித் தண்ணி குடிச்சுட்டு சும்மா உக்காரணும் எனக்கு.”

மீனை விட்டுப்போக அவருக்கு வருத்தமில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் தட்டில் இரண்டு இறாலை எடுத்துக்கொண்டு போனதும் துரை மேலே வந்து கண்ணாடியை முட்டியது. சார் எழுந்து நின்றபோது அப்படி வரவில்லை. அதை அவரும் கவனித்திருப்பார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இத்தனை நாளும் நாங்கள் பேசியது அழகு, வாஸ்து, கரண்ட் பில், எடை, சட்டம். யார் பக்கெட் தூக்குவது என்று ஒருவரும் பேசவில்லை. பேசாமல் விட்டால் எங்கள் வீட்டில் அது யார் கைக்கு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகள் பெயர் வைத்துக் கொஞ்சுவாள், கணவர் நைட்ரேட் அளப்பார், விருந்தாளிகளுக்கு அத்தை காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஹாலைக் கடந்துகொண்டிருப்பேன்.

அன்று மாலை என் நிபந்தனையைச் சொன்னேன். துரை வரலாம், பக்கெட் வரக்கூடாது. புதுத் தொட்டி அழகான இடத்தில் இருக்க வேண்டியதில்லை, பால்கனிக் கதவை ஒட்டி, குழாயும் ஜாலியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் மாற்றும் வேலை கணவருக்கும் மகளுக்கும். இந்த மீனின் காலம்வரை மட்டும்தான். ஆஸ்கர் பத்து, பதினைந்து வருஷம் வாழும், துரைக்கு இப்போதே ஒன்பது. அதன்பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவோம். கணவர் மறுக்கவில்லை. பால்கனி இருப்பது வடமேற்கு. கொஞ்ச நேரம் யோசித்த அத்தை, வாயு மூலை பரவாயில்லை என்று தானே தீர்ப்பை மாற்றி எழுதிவிட்டார்.

விலையில் நாற்பத்தையாயிரம் குறைந்தது. சுவருக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் குறைத்தோம், மீனுக்காக ஒரு ரூபாய் பேசவில்லை. புரோக்கருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மீனை நாங்கள் விற்கமாட்டோம் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று சார் கேட்டபோது பத்திரம் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதனால் அது வெறும் வாய்ப்பேச்சாகவே நிற்கிறது.

நான் எதிர்பாராத தலைவலி, அவர்கள் காலிசெய்ததற்கும் நாங்கள் குடிபோனதற்கும் இடைப்பட்ட நாட்கள். பெயிண்ட் அடிக்கும் வீட்டில் காற்று மோட்டார் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடும், பிரைமர் வாடையும் அதோடு போகும். அதனால் புதுத் தொட்டியை முதலில் வைத்து, பழைய ஃபில்டர் பஞ்சை ஈரம் காயாமல் அதில் மாற்றி, பழைய தண்ணீரையும் கொஞ்சம் கலந்து, மோட்டாரை மட்டும் நீளக் குழாய் போட்டு பால்கனியில் வைத்தோம். கிரகப்பிரவேசத்தன்று ஹோமப் புகைக்கும் அதே ஏற்பாடு. இடம் மாறிய கோபத்தில் துரை அடியில் சாய்ந்து படுத்துக்கொண்டது. செத்துவிட்டது என்று மகள் அழுதாள். ஆஸ்கர் அப்படித்தான் முறைத்துக்கொள்ளும் என்று சார் போனிலேயே சமாதானம் சொன்னார். சில நாளில் தானாகவே எழுந்து, நாங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கிய கூழாங்கல்லை எல்லாம் வாயால் அள்ளி ஒரு மூலையில் குவித்தது.

சுவர் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. புதுப் பூச்சு தனியாகத் தெரிகிறது, அதன்மேல் காலண்டர் தொங்குகிறது. நிபந்தனை ஓரளவுக்கு நிற்கிறது. கணவர் வெளியூர் போன வாரங்களில் நான்தான் மாற்றினேன், ஆனால் தோட்டத்துக் குழாய் மாட்டி ஒரு முனையை ஜாலியில் போட்டால் அரை மணி வேலை. பிறகு குளோரினை முறிக்கும் டெக்லோரினேட்டர் சொட்டுவிட்டு அதே குழாயில் நேராக நிரப்புகிறோம்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக சாரும் அம்மாவும் சென்னை வந்திருந்தார்கள். வீட்டுக்கும் வந்தார்கள். சார் துரையைப் பார்த்தார், அம்மா குழாயைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிக்கொண்டே போய், ஜாலிவரை போய், திரும்பி வந்து கேட்டார்: “இந்த பைப்பு எவ்வளவு?”

“எண்ணூறு ரூபாய் இருக்கும்மா” என்றேன்.

அவர் சாரைப் பார்த்தார். “அங்கேயிருந்து பால்கனி தூரம்” என்றார் சார்.

“நீளமா வாங்கியிருந்தா எட்டியிருக்கும்” என்றார் அம்மா.